வெளிறிய மேல்தளம், கறுத்த கீழ்த்தளம்: ஒரு காம்போசிட் டெக்கின் மறுசீரமைப்பு

வீட்டின் பின்கதவைத் திறந்தால் ஒரு டெக், அதாவது பலகை பாவிய திறந்தவெளித் தளம். அதிலிருந்து இரண்டு படி இறங்கினால் இன்னொன்று. மேல்தளம் நாள் முழுக்க வெயிலில் கிடக்கிறது. கீழ்த்தளத்துக்கு ஒரு பெரிய மரத்தின் நிழல், இரண்டு பக்கம் சுவர். இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே வகைக் காம்போசிட் (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த) பலகையால்தான் போட்டிருந்தார்கள். பத்து வருடம் தாண்டிய பிறகு பார்த்தால் இரண்டும் வேறு வேறு பொருள் என்றே நினைக்கத் தோன்றும். மேலே நிறம் வெளுத்து, கை வைத்தால் மாவு மாதிரி ஒட்டியது. கீழே கறுப்புப் புள்ளிகள் மொய்த்து, கொஞ்சம் ஈரம் பட்டாலே வழுக்கியது.

வேலைக்கு எங்களை அழைத்த வீட்டுக்காரர் தீர்வையும் முடிவு செய்து வைத்திருந்தார்: மொத்தத்தையும் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, அடர்பழுப்பில் ஒரு பூச்சு. "பெயின்ட் அடிச்சா ரெண்டும் ஒரே மாதிரி ஆயிடும்ல?" என்று கேட்டார். ஆகும், சில மாதங்களுக்கு.

இதற்கு முன்பும் அந்த டெக்கில் சில கைகள் பட்டிருந்தன. யாரோ பிரஷர் வாஷரைப் பலகைக்கு மிக அருகில் பிடித்து ஓட்டியதில், மேல்தளத்தில் மூன்று பலகைகளில் வரிவரியாகத் தடம் விழுந்திருந்தது. அந்த வரிகளில் விரலை ஓட்டினால் மரநார்ப் பிசிறு தட்டுப்படும். கீழ்த்தளத்தில் ஒருகாலத்தில் ஈரம் புகாமல் தடுக்கும் நிறமில்லாத சீலர் ஒன்றைப் பூசியிருக்கிறார்கள்; அது இப்போது செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. படியோரத்தில் உடைந்த நான்கு பலகைகளைப் பிற்பாடு மாற்றியிருந்தார்கள். நிறம் கிட்டத்தட்டப் பொருந்தியது, வகை பொருந்தவில்லை.

வெட்டுமுனையில் தெரிவது

காம்போசிட் பலகைகளில் முக்கியமாக இரண்டு தலைமுறை உண்டு. முதலாவது, மரத்தூளையும் பிளாஸ்டிக்கையும் (பெரும்பாலும் பாலிஎதிலீன்) கலந்து உருக்கி, அச்சு வழியே பிதுக்கி எடுத்தது. எடையில் ஏறக்குறைய பாதி, சிலவற்றில் அதற்கும் மேல், மரத்தூள்தான். மேலிருந்து அடிவரை ஒரே கலவை. 2010-ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரவலான இரண்டாவது தலைமுறையில், அதே கலவையின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையையும் சேர்த்தே பிதுக்குகிறார்கள். உறையின் கனம் சுமார் அரை மில்லிமீட்டர். சில பலகைகளுக்கு நான்கு பக்கமும் உறை இருக்கும். சிலவற்றில் அடிப்பக்கம் வெறுமையாக இருக்கும்.

எது எந்த வகை என்று அறிய ரசீதைத் தேட வேண்டியதில்லை. பலகையின் வெட்டுமுனையை ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தால், உறையுள்ள பலகையில் ஓரத்தைச் சுற்றி மெல்லிய கோடு ஒன்று வேறு நிறத்தில் தெரியும். வெட்டுமுனை மறைந்திருந்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் விடலாம். உறையின் மேல் அது உருண்டு நிற்கும். பழைய, உறையில்லாத பலகையில் சற்று நேரத்தில் பரவி, இருண்ட தடமாகும்.

இங்கே படியோரத்து நான்கு பலகைக்கு மட்டும் உறை இருந்தது, மீதி எதற்கும் இல்லை. வீட்டுக்காரரின் திட்டப்படி மெஷினை வைத்துத் தேய்த்திருந்தால் அந்த நான்கின் உறையும் சில நிமிடங்களில் போயிருக்கும். போன உறையை மறுபடி போட வழி கிடையாது.

மேலே வெயில்

மரநார்களைப் பிணைத்து வைக்கும் லிக்னின்தான் புற ஊதாக் கதிரை அதிகம் உள்வாங்குவதும். கதிர் பட்டுச் சிதைந்த லிக்னினை மழை கழுவிக்கொண்டு போக, வெளிறிய செல்லுலோஸ் எஞ்சுகிறது. பாலிஎதிலீனும் தப்புவதில்லை. கதிரும் ஆக்ஸிஜனும் சேர்ந்து அதன் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளை அறுக்க, மேற்பரப்பு விறைத்து மயிரிழை விரிசல் விடுகிறது. விரிசல் வழியே தண்ணீர் போகிறது, உள்ளிருக்கும் மரத்தூள் உப்புகிறது, காயும்போது சுருங்குகிறது, விரிசல் இன்னும் விரிகிறது. மேல்தளத்தைக் கறுப்புத் துணியால் துடைத்தபோது ஒட்டிய வெள்ளைப் பொடி, இப்படிச் சிதைந்த மேல்பரப்புதான்.

பார்க்க மோசமாக இருந்தாலும் இந்தச் சிதைவு பெரும்பாலும் மேற்பரப்போடு நின்றுவிடும். பலகையின் முனைகளிலும் திருகுகளைச் சுற்றியும் ஸ்குரூடிரைவர் நுனியால் அழுத்திப் பார்த்ததில் எங்கும் இறங்கவில்லை. முனைகள் உப்பவும் இல்லை. நுனி உள்ளே இறங்கினாலோ பலகை ஏடு ஏடாகப் பிரிந்தாலோ, அப்புறம் கழுவுவது பூசுவது பற்றிப் பேசிப் பயனில்லை, பலகையை மாற்றத்தான் வேண்டும். இங்கே அந்த நிலை வரவில்லை.

கீழே ஈரம்

கீழ்த்தளத்தில் பல வகைக் கறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. ஒன்றுக்குச் சரியான மருந்து இன்னொன்றைத் தொடாது என்பதால், கழுவத் தொடங்கும் முன் சொட்டுச் சோதனை செய்தோம். கறுப்புப் புள்ளியின் மேல் ஒரு சொட்டு வீட்டு பிளீச் விட்டால், பூஞ்சையாக இருந்தால் ஓரிரு நிமிடத்தில் வெளுக்கும். மண் அழுக்கு அப்படியே இருக்கும். வெளுத்தது. இரும்பு நாற்காலியின் கால்கள் நின்ற இடத்தில் நீலங்கலந்த கறுப்பு வட்டங்கள் இருந்தன. அவை பிளீச்சுக்கு அசையவில்லை, ஆக்ஸாலிக் அமிலக் கரைசல் பட்டதும் மங்கின. இரும்பும் மரத்திலுள்ள டானினும் சேர்ந்தால் வரும் கறை அது. அடுப்பு வைத்திருந்த மூலையில் எண்ணெய். ரப்பர் அடிப்பாகம் கொண்ட மேட் வெகுநாள் கிடந்த இடத்தில் மஞ்சள் கலந்த பழுப்பில் ஒரு செவ்வகம்.

பூஞ்சை பாலிஎதிலீனைத் தின்று வளர்வதில்லை. வெளியே தெரியும் மரத்தூளும், மேலே படியும் மகரந்தமும் சருகுத்தூளும்தான் அதற்கு உணவு. உணவு இரண்டு தளத்திலும்தான் இருக்கிறது. கீழே மட்டும் ஏன் இந்த மொய்ப்பு என்று பார்க்க ஒரு பலகையைக் கழற்றி டார்ச் அடித்தோம்.

சுற்றிலும் அழகுக்காக அடித்திருந்த மறைப்புப் பலகை காற்றுக்கு ஓர் ஓட்டைகூட விடவில்லை. மண், பலகைகளைத் தாங்கும் சட்டங்களின் அடிப்பக்கத்தைத் தொடும் மட்டத்துக்கு ஏறியிருந்தது. கூரையிலிருந்து இறங்கும் மழைநீர்க் குழாயில் ஓர் இணைப்பு ஒழுகி, அந்தத் தண்ணீர் நேராக டெக்கின் அடியில் போய்ச் சேர்ந்தது. பலகைகளுக்கு நடுவே விட்டிருந்த சுமார் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் மக்கிய சருகு கெட்டித்துப் போயிருந்தது. மேலே கொட்டிய மழைநீரும் கீழே இறங்க வழியில்லாமல் பலகையின் மேலேயே நின்றிருக்கிறது.

காம்போசிட் தண்ணீரை மெதுவாகத்தான் உறிஞ்சும், ஆனால் விடுவதும் அதே மெதுவில்தான். மேலே வெயிலும் இல்லை, அடியில் காற்றும் இல்லை என்றால் பலகை காய்வதே அபூர்வம். சீலர் உரிந்ததற்கும் இதுதான் காரணம்: அடியிலிருந்து வெளியேறப் பார்த்த ஈரம் படலத்தைத் தூக்கிவிட்டது. அடுத்து அடர்பழுப்புப் பூச்சு போட்டிருந்தாலும் அதற்கும் அதே கதிதான்.

வீட்டுக்காரருக்கு அடியில் கை வைப்பதில் அவ்வளவு விருப்பமில்லை. கண்ணுக்குத் தெரியாத இடத்தில் செய்யும் வேலைக்கு யாருக்குமே மனசு வருவதில்லை, அது வழக்கம்தான். ஒழுகும் குழாயைக் காட்டிய பிறகு சரி என்றார்.

செய்த வேலை

குழாய் இணைப்பைச் சரிசெய்து, மண்ணை வெட்டி இறக்கி, அடைப்பான மறைப்புக்குப் பதில் இடைவெளி விட்ட பட்டைகள் வைத்தோம். பலகை இடைவெளிகளில் இருந்த சருகை மெல்லிய பிளாஸ்டிக் சுரண்டியால் கிளறி எடுத்தோம். உலோகக் கத்தி வேகமாக வேலை செய்யும், ஆனால் பலகையின் ஓரத்தையும் சீவிவிடும். இதற்கே அதிக நேரம் பிடித்தது. மேலே நடந்த கழுவல் எல்லாம் இதோடு ஒப்பிட்டால் சுலபம்.

உரிந்த சீலர் பெரும்பாலும் சுரண்டிக்கே வந்துவிட்டது. பிடிவாதமாக ஒட்டியிருந்த இடங்களில், காம்போசிட்டுக்கும் ஏற்றது என்று லேபிளில் போட்ட ஜெல் ஸ்டிரிப்பரை (பூச்சை இளக்கி எடுப்பது) மூலையில் சோதித்துவிட்டுத் தடவினோம். தின்னர், அசிட்டோன் பக்கம் போகவில்லை.

அடுத்து எண்ணெய்க் கறை. படலம் மேலே இருக்கும்வரை வேறு எந்தக் கரைசலும் அடியில் போகாது, அதனால்தான் அது பூஞ்சைக்கு முன்னால். பாத்திரம் கழுவும் சோப்பும் வெந்நீரும் போட்டு நைலான் பிரஷ்ஷால் தேய்த்ததில் பிசுக்கு போனது. நிழலாக ஒரு தடம் நின்றுவிட்டது. எண்ணெய் சிந்தியதும் துடைத்திருந்தால் அதுவும் நின்றிருக்காது. மரத்தூளுக்குள் ஊறிவிட்ட எண்ணெயை முழுக்க வெளியே இழுக்க முடியாது.

பூஞ்சைக்கு சோடியம் பெர்கார்பனேட். துணி வெளுக்கும் ஆக்ஸிஜன் பிளீச் பொடிகளில் இருப்பதும் இதே பொருள்தான். தண்ணீரில் கரைந்ததும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சோடியம் கார்பனேட்டுமாகப் பிரிகிறது. முதலாவது பூஞ்சையைத் தாக்குகிறது, இரண்டாவது அழுக்கைக் கிளப்புகிறது. சாதாரண பிளீச், அதாவது சோடியம் ஹைப்போகுளோரைட், இன்னும் வேகமாக வெளுக்கும். ஆனால் லிக்னினையும் சேர்த்துத் தாக்கும், பலகையின் நிறத்தையும் எடுக்கும். ஏற்கெனவே வெளிறிய தளத்தில் அதை ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. சொட்டுச் சோதனையோடு அதை ஓரங்கட்டினோம்.

பெர்கார்பனேட்டை வெதுவெதுப்பான நீரில், அன்றைக்குத் தேவையான அளவு மட்டும் கரைக்க வேண்டும். சில மணி நேரத்தில் வீரியம் போய்விடும். மிச்சத்தை மூடிய கேனில் ஊற்றி வைக்கவும் கூடாது, ஆக்ஸிஜன் வெளிவந்து கேன் உப்பி வெடிக்கக்கூடும். பலகை சூடாக இல்லாத காலை நேரத்தில், ஒரு சமயத்துக்கு ஐந்தாறு பலகை என்ற கணக்கில் ஊற்றி, கால் மணி நேரம் காயவிடாமல் வைத்து, நீளவாக்கில் பிரஷ் போட்டோம். பாதியில் காய்ந்தால் வெள்ளைத் திட்டு விழும்.

அலசுவதற்குத்தான் பிரஷர் வாஷர். விசிறி போல விரியும் நாசில், 1500 பிஎஸ்ஐ-க்கு மிகாத அழுத்தம், பலகையிலிருந்து 30 சென்டிமீட்டர் தூரம், நீளவாக்கில் நிற்காத ஓட்டம். அழுக்கை எடுப்பது கரைசலும் பிரஷ்ஷும். அதை மெஷினின் அழுத்தத்தால் சாதிக்கப் பார்த்ததால்தான் மேல்தளத்தில் அந்த வரிகள் வந்தன.

நன்றாக அலசிய பிறகு இரும்புக் கறைகளுக்கு ஆக்ஸாலிக் அமிலம். இரும்பைக் கரையும் வடிவத்துக்கு மாற்றிவிடுவதால் வட்டங்கள் ஒரே பூச்சில் போயின. கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பக்கத்துச் செடிகளை முன்னாலேயே நனைத்து மூட வேண்டும். பிளீச் மீதமிருக்கும் பரப்பில் இந்த அமிலம் படவே கூடாது, நச்சான குளோரின் வாயு கிளம்பும். அம்மோனியா கலந்த கிளீனரும் பிளீச்சும் சேர்ந்தாலும் ஆபத்துதான்.

பிசிறு கிளம்பிய மூன்று பலகைகளை உப்புத்தாளால் சமன்படுத்தலாமா என்ற யோசனை இருந்தது. உறையில்லாப் பலகையில் அது முடியாத காரியமில்லை. ஆனால் தேய்த்த இடம் வேறு நிறமாகும், புது மரத்தூள் வெளியே வரும், கிளம்பும் தூசியில் பிளாஸ்டிக்கும் கலந்திருக்கும். இந்தப் பலகைகளுக்கு இரண்டு முகமும் ஒரே மாதிரி என்பதால், கழற்றித் திருப்பிப் போட்டோம். வெயில் படாத அடிமுகம் கிட்டத்தட்டப் புதிதாகவே இருந்தது. சட்டத்தில் பழைய திருகுத் துளைகள் தளர்ந்திருந்ததால் சற்று நீளமான திருகு தேவைப்பட்டது. பலகையின் முனையில் இடைவெளி விடுவதில் கஞ்சத்தனம் கூடாது. 5 மீட்டர்ப் பலகை, குளிர்ந்த காலைக்கும் கொதிக்கும் வெயிலுக்கும் இடையே 30 டிகிரி வித்தியாசத்தில் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும்; இடமில்லாவிட்டால் நடுவில் மேடு கட்டும். திருப்பிய மூன்றும் பக்கத்துப் பலகைகளைவிட அடர் நிறத்தில் தெரிந்தன. வெயில் அதைச் சில மாதங்களில் சமன் செய்துவிடும்.

உறையுள்ள நான்கு பலகைக்கு சோப்புத் தண்ணீரும் மென்மையான பிரஷ்ஷும் போதுமாக இருந்தன.

மேட் கிடந்த செவ்வகம் எதற்கும் மசியவில்லை. அது மேலே படிந்த கறை இல்லை. ரப்பரில் சேர்க்கும் வேதிப்பொருட்கள் பலகையின் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கி நிறம் மாறியிருக்கிறது. கழுவிப் போகாது என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு அதை அப்படியே விட்டோம்.

பூசுவதா வேண்டாமா

தளம் சுத்தமான பிறகும் மேல்தளத்தின் வெளிறல் இருந்தது. கழுவினால் பொடி போகுமே தவிர, சிதைந்த நிறம் திரும்பி வராது. இங்கேதான் வீட்டுக்காரரின் பூச்சு ஆசை மறுபடி எழுந்தது, இந்தத் தடவை அதில் நியாயமும் இருந்தது.

பாலிஎதிலீனின் மேல் எந்தப் பூச்சும் சுலபமாக ஒட்டாது. அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு என்பதால் பூச்சு பரவிப் பிடிக்காமல் விலகும். ஆனால் வெயில் தின்ற பழைய பலகையில் மரத்தூள் வெளியே வந்திருக்கும், பிளாஸ்டிக்கும் ஆக்ஸிஜனேற்றம் அடைந்திருக்கும், அதனால் புதுப்பலகையைவிடப் பழையதில் பூச்சு நன்றாகவே பிடிக்கும். உறையுள்ள பலகையில் இந்தச் சலுகை கிடையாது. பேச்சைவிடச் சோதனை மேல் என்று, காம்போசிட்டுக்கென்றே விற்கும் நீர் அடிப்படையிலான அக்ரிலிக் ஸ்டெயினை (நிறப்பூச்சு) மேல்தள மூலையில் ஒரு பலகையிலும், படியோரத்தில் உறையுள்ள ஒரு பலகையிலும் கையகலம் பூசினோம். நன்றாக இறுகிய பிறகு குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, டேப் ஒட்டி வெடுக்கென்று இழுத்தோம். உறையில்லாததில் ஓரிரு துணுக்கு மட்டும் வந்தது. உறையுள்ளதில் பூச்சு டேப்போடு பாளமாக வந்துவிட்டது.

மேல்தளத்தைப் பூசலாம், படியோரத்தையும் கீழ்த்தளத்தையும் தொடக்கூடாது என்று முடிவானது. கீழ்த்தளத்தில் பூச்சு ஒட்டாது என்பதற்காக இல்லை. அடியில் காற்றோட்டம் இப்போதுதான் வந்திருக்கிறது, பலகை தன் ஈரத்தை விட நாளாகும், அதற்குமேல் படலம் போட்டால் கொப்பளிக்கும். வீட்டுக்காரர் இதில் அரைமனதாகத்தான் இருந்தார். ஒருமுறை பூசினால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பூசிக்கொண்டே இருக்க வேண்டும், நடுவில் நிறுத்தினால் உரிந்த தளம்தான் மிஞ்சும் என்பதையும் சொல்லியிருந்தோம். அதற்கு ஒத்துக்கொண்டுதான் மேல்தளத்துக்குச் சம்மதித்தார்.

காய்ந்துவிட்டதா என்று பார்க்க மரத்துக்கான ஈரமானியை நம்ப முடியாது. அது மரத்துக்கு அளவீடு செய்தது, பிளாஸ்டிக் கலந்த பலகையில் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. ஒரு தெளிவான பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி ஓர் இரவு விட்டோம். காலையில் உட்பக்கம் நீர்த்துளி இல்லாதபோதுதான் பூச ஆரம்பித்தது. மெல்லிய இரண்டு பூச்சு, பலகையின் முழு நீளத்துக்கும் நிறுத்தாமல். பூசிய தளம் மழையில் நனைந்தால் வழுக்கும் என்பதால் இரண்டாவதில் வழுக்காமைப் பொடி கலந்தோம். இடைவெளிக்குள் பூச்சு வழிந்து அடைக்காமல் பார்த்துக்கொள்வதுதான் அதிகப் பொறுமை கேட்ட வேலை.

ஒரு வருடம் கழித்து

மேல்தளப் பூச்சு பொதுவாகப் பிடித்து நின்றது. கதவிலிருந்து படிவரை ஆள் நடக்கும் பாதையில் மட்டும் நிறம் மங்கத் தொடங்கியிருந்தது. ஒரு பலகையின் முனையில் விரல் நகம் அளவு உரிந்திருந்தது. திருப்பிப் போட்ட பலகைகளை இப்போது தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

பூசாத கீழ்த்தளம் எதிர்பார்த்ததைவிட நன்றாக இருந்தது. வழுக்கல் இல்லை. கறுப்புப் புள்ளிகள் திரும்பியது மரத்தடியை ஒட்டிய மூன்று பலகைகளில் மட்டும். குனிந்து பார்த்தால் அந்த மூன்றுக்கும் நடுவே இடைவெளி மறுபடி சருகால் அடைந்திருந்தது. மற்ற இடங்களில் திறந்தே இருந்தது. அதே பலகை, அதே நிழல், இடைவெளி மட்டும் வேறு. சுரண்டி எடுத்து, பெர்கார்பனேட் ஒருமுறை போட்டதில் சரியானது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் இடைவெளியைச் சுரண்டுவதை வீட்டுக்காரரே செய்கிறார். சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் அதோடு சேர்ந்து. பூந்தொட்டிகள் கால் வைத்த தாங்கியில் ஏறியிருக்கின்றன, நாற்காலிக் கால்களுக்கு பிளாஸ்டிக் மூடி வந்துவிட்டது, ரப்பர் மேட்டுக்குப் பதில் நெய்த பாலிபுரோப்பிலீன் விரிப்பு கிடக்கிறது.

அந்தப் பழைய செவ்வகம் கொஞ்சம் மங்கியிருக்கிறது, போகவில்லை. எண்ணெய்த் தடமும் அப்படித்தான். கீழ்த்தளத்துக்கும் பூச்சு வேண்டும் என்ற பேச்சை அவர் எடுக்கவில்லை. மேல்தளத்தில் நடைபாதை இன்னும் தேய்ந்ததும், அந்தப் பலகைகளை மட்டும் லேசாகத் தேய்த்துக் கழுவி, முனை முதல் முனை வரை ஒரு பூச்சு போடுவதாக ஏற்பாடு.